பழி பூஞ்சைக்கு, பாவம் பூவாளிக்கு

ஐப்பசி அடைமழைக் காலம். மொட்டைமாடியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே ஒரு குழித்தட்டு. 98 குழிகளிலும் தக்காளி முளைத்து, எட்டாம் நாள் மாலை வரை இரண்டிரண்டு வித்திலைகளை விரித்துக்கொண்டு காலை வணக்கத்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு நாற்றுகள் படுத்துக் கிடக்கின்றன. இலை வாடவில்லை, பச்சையும் குறையவில்லை. மண்ணைத் தொடுகிற இடத்தில் மட்டும் தண்டு நீர் கோத்து, நூலாக மெலிந்து மடங்கியிருந்தது. மெல்ல இழுத்தால் வேர் வரவில்லை. தண்டு மட்டும் கையோடு வந்தது. மறுநாள் அந்தச் சொட்டை உள்ளங்கை அகலம் ஆனது. அதிலிருந்து நான்காம் நாள் தட்டில் பாதி காலி.

என் மாடியில் நடந்த கதைதான். தட்டின் மேல் பஞ்சு போலப் படர்ந்திருந்த வெள்ளைப் பூஞ்சையைப் பார்த்ததும் இதுதான் குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டேன். சுரண்டி எறிந்தேன். மஞ்சள் தூள் தூவினேன். அதுவும் போதாதென்று கார்பென்டாசிம் வாங்கிவந்து தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். ஏற்கெனவே சொதசொதவென்று இருந்த தட்டில் மேலும் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை. மிச்சமிருந்த பாதியும் போய்ச் சேர்ந்தது.

இந்த நோய்க்கு வேளாண் துறையினர் வைத்திருக்கும் பெயர் நாற்றழுகல். தக்காளி, மிளகாய், கத்தரி, புகையிலை என்று நாற்றுவிட்டு நடும் பயிர் எதுவும் இதற்குத் தப்பாது. வீட்டில் தயிர் டப்பாவில் நாலு விதை போடுகிறவரையும், ஒட்டன்சத்திரம் பக்கம் நிழல்வலைக் குடிலில் லட்சக்கணக்கில் நாற்று வளர்த்து விற்கிறவரையும் ஒரே மாதிரிதான் அது நடத்தும்.

முதலில் அந்த வெள்ளைப் பஞ்சின் மீதுள்ள பழியைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். தட்டின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியும்படி படர்கிற பூஞ்சைகளில் பெரும்பாலானவை மட்குண்ணிகள். அரைகுறையாக மட்கிய தொழுவுரம், உதிர்ந்த விதைத்தோல், செத்த இலைத்துணுக்கு போன்றவற்றைத் தின்று வாழ்பவை. உயிருள்ள நாற்றின் மேல் அவற்றுக்கு அக்கறை இல்லை. அவை வந்திருப்பது ஒரு சேதியைச் சொல்கிறது: இங்கே ஈரம் அதிகம், காற்று குறைவு. மேலே பச்சைப்பாசி படர்ந்திருந்தாலும் அதே சேதிதான். தகவல் சொல்ல வந்தவரை அடித்துத் துரத்துகிற வேலையைத்தான் நான் செய்தேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஈரத்துணியில் விதை முளைக்கப் போடுகிறவர்கள், முளைவேரைச் சுற்றி வெல்வெட் மாதிரி வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதைக் கண்டு, பூஞ்சை பிடித்துவிட்டது என்று குப்பையில் கொட்டுவது உண்டு. அது வேர்த்தூவி, செடி தண்ணீர் உறிஞ்சுவதற்காக விடும் நுண்மயிர். வேரின் ஒரு பகுதியில் மட்டும் ஒரே சீராக நிற்கும். தண்ணீர் தெளித்தால் வேரோடு ஒட்டிப் படிந்துவிடும். பூஞ்சை அப்படியல்ல, விதைத்தோல், துணி என்று வித்தியாசம் பாராமல் சிலந்திவலை போலத் தாவும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் எத்தனை நல்ல விதைகள் குப்பைக்குப் போயிருக்குமோ!

சரி, உண்மையான கொலையாளி யார்? பெரும்பாலும் பித்தியம். தமிழ் வேளாண் கையேடுகளில் சில 'பைத்தியம்' என்றே அச்சிட்டிருக்கும். படிக்கும் விவசாயி ஒரு நொடி திகைப்பார். அதைவிடத் திகைக்க வேண்டிய விஷயம், இது பூஞ்சையே இல்லை என்பது. தோற்றத்தில் பூஞ்சை மாதிரி இழை விடும், பூஞ்சை மாதிரி உணவை உறிஞ்சும். ஆனால் பூஞ்சைகளின் செல்சுவருக்குக் கைட்டின் ஆதாரம் என்றால், இதன் செல்சுவரில் இருப்பது செல்லுலோஸ். உறவுமுறை பார்த்தால் காளானைவிடக் கடலில் வளரும் பழுப்புப்பாசிக்கே இது நெருங்கிய சொந்தம். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்துக்கு வழிகோலிய பைட்டோப்தோராவும் இதே கூட்டத்து ஆள்தான். ஊமைசீட் என்று உயிரியலாளர்கள் அழைக்கும் இந்தக் கூட்டத்தைத் தமிழில் நீர்ப்பூசணம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஏன் என்பது இதோ வருகிறது.

இந்தியாவில் இதன் ஆராய்ச்சி இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. பிகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய எட்வின் ஜான் பட்லர், 1907-லேயே பித்தியம் பேரினத்தைப் பற்றித் தனி நூலளவுக்கு எழுதினார். அதே நிலையத்தின் எல். எஸ். சுப்ரமணியம், இஞ்சியையும் புகையிலையையும் பப்பாளியையும் அழுக வைத்த ஓர் இனத்தை 1919-இல் விவரித்து, அதற்குப் பட்லரின் பெயரையே வைத்தார். மூத்தவருக்கு மரியாதை செய்ய ஓர் அழுகல் கிருமிக்கு அவர் பெயரைச் சூட்டுவது அந்தத் துறைக்கே உரிய மரபு!

நீர்ப்பூசணம் என்றேன். பித்தியம் பரவும் முறையைப் பார்த்தால் பெயர் விளங்கும். மண்ணில் ஈரம் ததும்பும்போது அதன் இழை நுனிகளில் சின்னஞ்சிறு பைகள் உருவாகும். ஒவ்வொரு பையிலிருந்தும் பல நுண்துகள்கள் வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சவுக்கிழைகள். அவற்றை அடித்துக்கொண்டு அவை நீந்தும். ஆம், மண் துகள்களுக்கு இடையே நிற்கிற தண்ணீரில் தலைப்பிரட்டை மாதிரி நீந்தித் திரியும். முளைக்கிற விதையும் இளம் வேரும் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். அந்த வாசனை பிடித்து இந்த நுண்துகள்கள் வேரைத் தேடி வரும். வேரைத் தொட்டதும் சவுக்கைக் கழற்றிவிட்டு, உருண்டு ஒட்டிக்கொண்டு, முளைவிட்டு உள்ளே நுழையும். நொதிகளைச் சுரந்து செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் பசையைக் கரைக்கும். தண்டு நீர் கோத்து நூலானதாகச் சொன்னேனே, அது இந்தக் கரைப்பின் விளைவு.

விதை மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே இது நடந்துவிட்டால் நாம் நோயைப் பார்க்கவே மாட்டோம். முளைப்பு குறைந்தது மட்டும்தான் தெரியும். "விதை சரியில்லைங்க" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். சில நேரம் விதையும் சரியில்லாமல் இருக்கலாம்தான். ஆனால் சண்டைக்குப் போகும் முன் ஒரு குழியைக் கிளறிப் பார்ப்பது நல்லது. விதை கொழகொழவென்று பிசுபிசுத்துக் கிடந்தால் கடைக்காரர் தப்பித்தார்.

ஆக, நீந்துவதற்குத் தண்ணீர் வேண்டும். ஈரம் போதாது, துளைகளில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் நிற்கவிடுவதும் விடாததும் நம் கையில் இருக்கிறது. நாற்றழுகலைப் பற்றி நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். ஆனால் 'தண்ணீரை அளவாக ஊற்றுங்கள்' என்று எல்லோரும் சொல்கிற அறிவுரையில் ஓர் இயற்பியல் ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் அளவு பிடிபடாது.

பாத்திரம் கழுவும் செவ்வக ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் முக்கி, உள்ளங்கையில் படுக்கவைத்தபடி தூக்கிப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு நின்றுவிடும். நன்றாக வடிந்துவிட்டது என்று நினைப்போம். இப்போது பிழியாமல், அழுத்தாமல், அதை அப்படியே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், துளைகளும் அவைதான். உயரம் மட்டும்தான் கூடியது.

துளைகள் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது நுண்புழை விசையால். அந்த விசை அடிமட்டத்தில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை தண்ணீரைத் தாங்கும். அது எவ்வளவு என்பது துளையின் அளவைப் பொறுத்தது. பாத்திரத்தின் ஆழம் அதற்குப் பொருட்டே இல்லை. ஓர் அடி ஆழமுள்ள தொட்டியில் அடியில் சில சென்டிமீட்டர் ஊறி நின்றால் குற்றமில்லை, மேலே காற்றுக்கு இடம் நிறைய. குழித்தட்டின் குழியோ சுமார் 4 செ.மீ. ஆழம்தான். படுக்கவைத்த ஸ்பாஞ்சின் நிலை அதற்கு. அடியில் துளை இருக்கிறது, தண்ணீர் சொட்டி நின்றுவிட்டது, ஆனாலும் குழியின் பெரும்பகுதி தண்ணீரால் நிறைந்தே இருக்கிறது. மேலே ஒரு மெல்லிய அடுக்கு காய்ந்து வெளுத்ததைப் பார்த்து நாம் மறுபடி ஊற்றுகிறோம்.

தென்னைநார்க் கழிவு, கடையில் கோகோபீட் என்று கேட்டால் தருவது, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் சாலையோரம் மலை மலையாகக் குவிந்து கிடந்த அந்தக் கழிவு, உலகம் முழுக்க நாற்றங்கால்களுக்குப் போகும் சரக்காக மாறியதே இந்தக் குணத்தால்தான். மழைக்காலத்தில் அந்தக் குணமே வினை. மாவாகப் பொடிந்த தூளைவிடக் கொஞ்சம் நாரும் திப்பியும் கலந்த தூள் நாற்றுக்கு நல்லது. பெரிய துளைகளில் தண்ணீர் நிற்காது. கடையில் கிடைப்பது மாவாக இருந்தால் பெர்லைட்டோ, கழுவிக் காயவைத்த பருமணலோ கலந்துகொள்ளலாம். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீரில் பரவும். துளையெல்லாம் தண்ணீர் என்றால் வேருக்கு மூச்சுமுட்டல், பித்தியத்துக்கு நீச்சல் குளம்.

இப்போது என் கார்பென்டாசிம் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மருந்து பூஞ்சை செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்து, செல் பிரிவதைத் தடுக்கும். பித்தியத்தின் டியூபுலின் அதற்குப் பிடிகொடுக்காது. பூஞ்சைக்கான மருந்து பூஞ்சை அல்லாததைக் கொல்லாததில் வியப்பில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், மண்ணில் பித்தியத்தை எதிர்த்து நிற்கும் நல்ல பூஞ்சைகள் அதில் செத்துப்போகும். எதிரிக்கு ஒரு கீறல்கூட விழாமல் காவல்காரனைச் சுட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். 1970-களின் பிற்பகுதியில் வந்த மெட்டலாக்சில் நீர்ப்பூசணங்களுக்கென்றே அமைந்த மருந்து. ஆனால் அதைத் தாக்குப்பிடிக்கும் வகைகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே தலையெடுத்துவிட்டன. சொட்டை விழுந்த நாற்றங்காலுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. பரவுவதை அது தடுக்கும். படுத்த நாற்றை எழுப்பாது.

ரைசோக்டோனியா என்ற அசல் பூஞ்சையும் நாற்றைக் கொல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது நீந்தாது, மிதமான ஈரத்திலேயே இழை இழையாகத் தவழ்ந்து வரும். அது கடித்த தண்டு கொழகொழப்பாக இராமல் பழுப்பேறி, வறண்டு, கம்பி மாதிரி இறுகியிருக்கும். தண்டைக் கையில் எடுத்து உற்றுப் பார்க்காமல் மருந்துக் கடைக்குப் போகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இந்த ரைசோக்டோனியாவைப் பற்றித்தான் ஒரு நல்ல கதை இருக்கிறது. கலிபோர்னியாவில் எலுமிச்சை வகை நாற்றுகள் அழுகுவதை ஆராய்ந்துகொண்டிருந்த வைண்ட்லிங் என்பவர், மண்ணில் சாதாரணமாகக் கிடக்கும் ஒரு பச்சைப் பூஞ்சை ரைசோக்டோனியாவின் இழைகளைக் கயிறு மாதிரி சுற்றி வளைத்துத் தின்பதைக் கண்டு 1932-இல் எழுதினார். பூஞ்சையைத் தின்னும் பூஞ்சை. அதுதான் டிரைக்கோடெர்மா. இன்று நம்மூர் உழவர் மையங்களில் பாக்கெட்டில் விற்கிற டிரைக்கோடெர்மா விரிடி அந்த வம்சம். பித்தியத்தோடும் அது மல்லுக்கட்டும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது விதைநேர்த்திக்கான அளவு. மாடித்தோட்டக்காரருக்கு ஒரு சிட்டிகை போதும். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற பாக்டீரியா என்றால் கிலோவுக்கு 10 கிராம். விதைப்பதற்கு முன்பே போட வேண்டும். நோய் வந்தபின் போடுவது, வீடு கொள்ளைபோன பிறகு நாய் வளர்ப்பது போல. டிரைக்கோடெர்மா கலந்த தட்டில் சில நாளில் பச்சையாகப் பூத்தால், ஐயோ பூஞ்சை என்று கொட்டிவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கியதே அதைத்தான்.

மண்ணை முழுக்கக் கிருமிநீக்கம் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அடுப்பில் வைத்து மண்ணை வேகவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கொதிநிலையில் ஏறக்குறைய எல்லாமே சாகும், நல்லதும் கெட்டதும். காலி வீட்டுக்கு முதலில் குடிவருவது யார் என்பதுதான் சிக்கல். பித்தியம் மின்னல் வேகத்தில் பரவக்கூடியது. போட்டியாளர் இல்லாத மண் அதற்குக் கொண்டாட்டம். 60 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் சாகும், நல்ல நுண்ணுயிர்களில் பல பிழைக்கும் என்று கலிபோர்னியாவின் கென்னத் பேக்கர் காட்டினார். 1976-இல் இஸ்ரேலின் யாக்கோவ் கட்டானும் குழுவினரும் அடுப்பே இல்லாமல் இதைச் செய்தார்கள். ஈரமண்ணின் மேல் நிறமற்ற பாலித்தீன் விரித்து, கோடை வெயிலை உள்ளே சிறைப்பிடித்தார்கள். தாள் கறுப்பாக இருந்தால் தாள்தான் சுடும்; நிறமற்றதாக இருந்தால் மண் சுடும். சித்திரை வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. ஈரப்படுத்திய நாற்றுக் கலவையை நிறமற்ற பாலித்தீனில் மெல்லிய அடுக்காகப் பொதிந்து, மாடியில் நாலைந்து வாரம் போட்டுவைத்தால் செலவில்லாமல் வேலை முடியும். புகையிலை நாற்றங்காலில் விதைக்கும் முன் பாத்தியின் மேல் வைக்கோலும் சருகும் பரப்பி எரிக்கும் பழக்கமும் இதே கணக்குதான்.

வெயில் வைத்தியம் செய்த மண்ணையும் பழைய தட்டில் போட்டால் பயனில்லை. பித்தியத்தின் தடித்த சுவர் கொண்ட உறங்கு வித்துகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தட்டின் மூலையில் ஒட்டிய பழைய மண்ணைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பிளீச்சிங் கரைசலில் முக்க வேண்டும். மண்ணோடு முக்கினால் குளோரின் மண்ணிடமே செலவாகிவிடும். திறந்த குட்டை, பாசி பிடித்த தொட்டி இவற்றின் தண்ணீரும் நாற்றுக்கு ஆகாது.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் மார்கழிப் பகல். உள்ளே 30 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 18 கிராம் நீராவி இருக்கும். இரவில் 20 டிகிரிக்கு இறங்கினால் அந்தக் காற்று தாங்கக்கூடியது 17 கிராம் சொச்சம்தான். மிச்சம் எங்கே போகும்? கூரைத் தாளின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் நாற்றின் மேல் சொட்டும். பகலில் வறண்டதாகத் தோன்றிய அதே காற்று! மாலையில் தண்ணீர் ஊற்றினால் நீராவி இன்னும் கூடும். அதனால்தான் காலையில் ஊற்றச் சொல்கிறார்கள். மாலையில் பக்கத் திரையைச் சற்று நேரம் தூக்கிவிட்டு ஈரக்காற்றை வெளியேற்றுவதும் இதற்காகவே. வீட்டுக்குள் வளர்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன மேசைவிசிறி போதும். இலை லேசாக அசைந்தால் சரி, படபடக்க வேண்டாம்.

தொழில்முறை நாற்றங்கால்களில் விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீனால் மூடி, முளைக்கும்வரை சில நாள் வைத்திருப்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்து முளைப்பு சீராக வரும். ஆனால் முளை எட்டிப் பார்த்த அன்றே தட்டுகளைப் பிரித்து வெளிச்சத்தில் பரப்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம் என்று ஒரு நாள் தள்ளினால் வெளுத்து நீண்ட தண்டுகள்தான் மிஞ்சும். அவற்றைப் பித்தியம் அல்வா மாதிரி தின்னும். தண்டு இறுகும்வரை, அதாவது முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து. லிக்னின் ஏறிய தண்டை அதனால் அவ்வளவு எளிதில் கரைக்க முடியாது. வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்கள் தட்டுக்கு அடியில் சூடேற்றும் விரிப்பு வைக்கச் சொல்வதும் இந்த ஆபத்துக் காலத்தைச் சுருக்கத்தான். குளிர்நாட்டுக்கு அது சரி. நம் சமவெளியில் அதிகம் காணப்படும் பித்தியம் அஃபனிடெர்மேட்டம் என்ற இனத்துக்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட சூடுதான் பிடிக்கும். அந்த விரிப்பைச் சென்னையில் வாங்குகிறவர் எதிரிக்குத்தான் மெத்தை விரிக்கிறார்.

பட்டைத்தூள், மஞ்சள்தூள் தூவலாமா என்று கேட்பவர்களுக்கு: பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு பூஞ்சையை ஒடுக்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் உண்மை. மேலே தூவினால் மேலே இருக்கும் பஞ்சு குறையலாம். அடியில் நீந்துவதை அது எட்டாது. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது. சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டும் ஐப்பசியில் விதைத்தேன். தென்னைநார்த் தூளில் பருமணல் கலந்தேன், குழிக்கு ஒரே விதை, தட்டுக்கு அடியில் இரண்டு செங்கல். கீழே விழும் தண்ணீர் தட்டைத் தொடாது, காற்றும் ஓடும். இரண்டு நாற்று படுத்தன. அந்தக் குழிகளையும் சுற்றியிருந்தவற்றையும் மண்ணோடு கரண்டியால் எடுத்து எறிந்தேன், உரக்குழிக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. மற்றவை இருபத்தைந்தாம் நாள் தொட்டிக்கு மாறின.

நாளைக் காலையில் பூவாளியை எடுக்கும் முன் தட்டை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். கனத்தால், பூவாளியை இறக்கி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போங்கள்.